நெய்தல் படிப்போரும் நெய்தல் காப்போரும்

சிங்கப்பூரில் தமிழ் இலக்கியம் பயிலும் மாணவர் ஐந்திணையை அறிவர். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்று பிழையின்றி எழுதுவர். நெய்தலின் கருப்பொருள் யாவை என வினவினால், புன்னை, தாழை, ஞாழல், கண்டல், அலவன் எனத் தயங்காமல் அடுக்குவர். தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியரும் மகிழ்ந்து முழு மதிப்பெண் வழங்குவார். ஆனால், கண்டல் எவ்வாறு இருக்கும், அதன் வேர் ஏன் நிலத்துக்கு மேலே வளைந்து நிற்கிறது என்ற அடுத்த வினா எழுந்தால் வகுப்பறை அமைதியாகிவிடுகிறது. ‘ஒரு வகை மரம்’ என்னும் உரைக்குறிப்போடு பாடம் முடிந்துவிடுகிறது.

அந்த ஒரு வகை மரம் எங்கோ தொண்டித் துறையிலும் கொற்கையிலும் மட்டும் நிற்பதன்று. சிங்கப்பூரின் வடகரையில், சுங்கை பூலோவிலும் மண்டாயிலும் புலாவ் உபினிலும், கடல்நீர் ஏறி இறங்கும் சேற்றில் இன்றும் நிற்கிறது. புன்னை கடற்கரைப் பூங்காவில் நிழல் தருகிறது. அலவன் சேற்றில் வளை தோண்டுகிறது. நாற்புறமும் கடல் சூழ்ந்த இத்தீவே ஒரு நெய்தல் நிலம். நெய்தல் நிலத்தில் பிறந்து, நெய்தல் நிலத்தில் வளர்ந்து, நெய்தற்பாட்டைப் பாடமாகவும் படித்த ஒருவர் அந்நிலத்தில் ஒரு முறையேனும் கால் வைத்ததில்லை என்றால், அவர் படித்தது எதனை?

அழிந்தது எவ்வளவு?

1819ஆம் ஆண்டில் இத்தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 13 விழுக்காடு கண்டற்காடாக இருந்தது என ஆய்வாளர் மதிப்பிடுவர். இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ ஒரு விழுக்காடே. துறைமுகமும் தொழிற்பேட்டையும் நீர்த்தேக்கமும் வீடமைப்பும் வேண்டியிருந்தன, கடல் தூர்க்கப்பட்டது, ஆற்று முகங்கள் அணையிடப்பட்டன. அவற்றால் மக்கள் அடைந்த நன்மையை மறுப்பது நன்றி மறத்தலாகும். எனினும், எஞ்சிய அந்த ஒரு பங்கைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்னும் வினா அதனால் மறைந்துவிடாது.

தமிழர் நாள்தோறும் நடக்கும் சிராங்கூன் சாலையை எண்ணிப் பார்க்கலாம். ‘ரங்கோங்’ என்று மலாய் மக்கள் அழைத்த ஒரு சதுப்புநிலப் பறவையின் பெயரிலிருந்தே ‘சிராங்கூன்’ என்னும் பெயர் பிறந்தது என்பது பலரும் ஏற்கும் கருத்து. தீபாவளிக்கு ஒளி அலங்காரம் காணும் அவ்வீதியின் பெயர்ப்பலகையில் ஒரு பறவை மறைந்திருக்கிறது. பறவை போயிற்று, பெயர் மட்டும் நிற்கிறது. ‘கண்டல்’ என்னும் சொல்லுக்கும் அந்நிலை வருவதைத் தமிழ் கற்பிப்போர் கைகட்டிப் பார்த்திருப்பது தகுமா?

‘அது அரசாங்கத்தின் வேலை’

இவ்வாறு கேட்டால் உடனே வரும் விடை ஒன்று உண்டு. பூங்காவுக்கும் பறவைக்கும் அரசாங்கத் துறை இருக்கிறது, சம்பளம் பெறும் அதிகாரிகள் இருக்கிறார்கள், மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் அங்கே என்ன வேலை என்பர். இது நாட்டின் அண்மை வரலாற்றையே அறியாதார் கூற்று.

சுங்கை பூலோ இன்று சட்டத்தால் காக்கப்படும் ஈரநிலம். அதனை முதலில் கண்டு எடுத்துச் சொன்னவர் யாவர்? 1986ஆம் ஆண்டு, மலாயா இயற்கைக் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர் சிலர், வேளாண்தொழில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த பகுதியில் கைவிடப்பட்ட இறால் குளங்களைக் கண்டனர். சைபீரியாவிலிருந்து ஆயிரக்கணக்கான கல் தொலைவு பறந்து வரும் உள்ளானும் உப்புக்கொத்தியும் அக்குளங்களின் சேற்றில் இரை தேடக் கண்டனர். கண்டதைப் புகழ்ந்து பேசிவிட்டு வீடு திரும்பவில்லை. எண்ணினர், எழுதினர், காக்கத்தக்க இடம் இது எனக் காரணங்காட்டி அரசாங்கத்துக்கு முறையாகக் கோரிக்கை வைத்தனர். 1989இல் அவ்விடம் இயற்கைப் பூங்காவென அறிவிக்கப்பட்டது, 1993இல் திறக்கப்பட்டது, 2002இல் 130 ஹெக்டர் பரப்புடைய இயற்கைக் காப்பகமாயிற்று. அவர்கள் யாரும் அப்பணிக்கெனச் சம்பளம் பெற்றவரல்லர்.

செக் ஜாவாவின் கதையும் அத்தகையதே. புலாவ் உபினின் கீழ்க்கோடியில் உள்ள அக்கடற்கரையைத் தூர்க்கத் திட்டம் வகுக்கப்பட்டிருந்தது. 2001ஆம் ஆண்டில் இயற்கை ஆர்வலரும் அருங்காட்சியகத்தாரும் மாணவரும் கடல் வற்றும் நேரம் பார்த்து அங்கே சென்றனர். கடற்புல் திட்டையும் மணற்கரையும் பாறையும் கண்டலும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து அமைந்த அருமையைப் பதிவு செய்தனர். பொதுமக்களை அழைத்துச் சென்று காட்டினர். அறிக்கைகள் அனுப்பினர். தூர்க்கும் பணி தள்ளிவைக்கப்படும் என 2002 ஜனவரியில் அரசாங்கம் உறுதி கூறியது. 2007இல் அங்கே மக்கள் நடந்து காண நடைபாலமும் அமைந்தது. அரசாங்கம் கேளாச் செவியுடையது என்பாரும், அரசாங்கமே எல்லாம் செய்யும் என்பாரும் இவ்வொரு நிகழ்ச்சியைப் படித்தால் போதும். அரசாங்கம் கேட்டது. சொல்வதற்குச் சான்றோடு ஆள் இருந்ததால் கேட்டது.

எல்லா முயற்சியும் வென்றுவிடவில்லை என்பதும் உண்மை. செனோக்கோவில் பறவைகள் தங்கிய சதுப்புநிலத்தைக் காக்கப் பல்லாயிரவர் கையொப்பமிட்டும், 1994இல் அது வீடமைப்புக்கு இடங்கொடுத்தது. தோல்வியும் ஒரு பாடம் கற்பித்தது: கடைசி வேளையில் இடும் கையொப்பத்தைவிட, ஆண்டுக்கணக்கில் சேர்த்த குறிப்பேடு வலியது. ஓர் இடத்தில் எவ்வுயிர் எத்தனை வாழ்கிறது என்று முன்கூட்டியே அறிந்து வைத்திருப்பவரே, அதற்கு இடர் வரும்போது அளவோடும் உறுதியோடும் பேச இயலும். அவ்வறிவைத் திரட்டத் தொண்டர் வேண்டும், நிரம்ப வேண்டும்.

மனிதர்க்குத் தொண்டு செய்யாமல் நண்டுக்கா?

அடுத்து வருவது இதனினும் கனமான வாதம். முதியோர் இல்லம் இருக்கிறது, கல்வியில் பின்தங்கிய பிள்ளைகள் இருக்கிறார்கள். சமுதாயத்துக்குப் பயன்படாத பறவைத் தொண்டும் நண்டுத் தொண்டும் வேலையற்ற செல்வர்க்குரிய பொழுதுபோக்கு என்பர் சிலர்.

இவ்வாதம் தமிழாசிரியர் வாயில் வருதல் கூடாது. ஏனெனில், முல்லைக்கொடிக்குத் தேர் ஈந்த பாரியையும், மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும் வள்ளல் என்று மேடைதோறும் போற்றுவோர் அவர்களே. பறம்பு நாட்டில் பசித்த மனிதரே இல்லை என்பதாலா பாரி கொடிக்கு இரங்கினான்? உயிர்க்கிரக்கம் அவ்வாறு கூறுபோட்டு அளப்பதன்று எனத் தமிழ் மரபு கருதியதாலேயே அவன் பெயர் நிலைத்தது. அவன் தேரைக் கொடுத்தான். அவனைப் பாடமாக நடத்துவோர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையைக் கொடுக்கத் தயங்கலாமா?

நற்றிணையில் ஒரு புன்னை வருகிறது. சிறுமியர் விளையாட்டாய் மணலில் அழுத்திய விதை, மறந்து போன பின் முளைத்தது. அதனைப் பாலும் நெய்யும் ஊற்றி வளர்த்தனர். அது உங்களினும் சிறந்தவள், உங்கள் தங்கை என்றாள் தாய். பின்னாளில் தலைவி அம்மரத்தின் நிழலில் தலைவனோடு நகையாட நாணுகிறாள். தங்கை பார்த்திருக்கிறாள் அல்லவா! இப்பாட்டின் நயத்தை வியக்காத தமிழாசிரியர் இலர். வளர்த்த கைக்கு மட்டுமே அந்நாணம் தோன்றும் என்பதை எத்தனை வகுப்பில் எடுத்துரைக்கிறார்கள்? உறவு வளர்ப்பால் வந்தது. பார்த்துவிட்டுப் போனவர்க்கு அது மரம், நீரூற்றியவர்க்குத் தங்கை.

சேற்றில் நடக்கும் தொண்டு

தொண்டு என்றதும் விழாவையும் மாலையையும் எண்ணிப் பழகியவர்க்கு, இத்தொண்டின் இயல்பை விளக்குதல் வேண்டும். மண்டாய்ச் சேற்றுக்கரையில் குதிரைலாட நண்டுகள் வாழ்கின்றன. பெயர்தான் நண்டு, உண்மையில் அவை நண்டினத்தைச் சேர்ந்தவை அல்ல. அவற்றின் குலம் நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. மீன்பிடிப்போர் கைவிட்ட வலைகளில் அவை சிக்கி, நகர மாட்டாமல் மடிகின்றன. இயற்கைக் கழகத் தொண்டர் கடல் வற்றிய வேளையில் முழங்கால் சேற்றில் இறங்கி, வலையை ஒவ்வோர் இழையாக அறுத்து அவற்றை விடுவிக்கின்றனர். ஓட்டின் அகலத்தை அளந்து, ஆணா பெண்ணா எனக் குறித்து, மீண்டும் சேற்றில் விடுகின்றனர். அங்கே புகைப்படக்காரர் காத்திருப்பதில்லை. பொன்னாடை போர்த்துவாரும் இலர்.

1992 முதல் சிங்கப்பூரில் நடந்துவரும் அனைத்துலகக் கடலோரத் துப்புரவுப் பணியும் அவ்வாறே. குப்பையைப் பொறுக்குவதோடு பணி முடிவதில்லை. நெகிழிப்பை எத்தனை, குடிபானப் புட்டி எத்தனை, சிகரெட் துண்டு எத்தனை என எண்ணிப் படிவத்தில் குறிக்கின்றனர். குப்பை எங்கிருந்து வருகிறது என்று அறிந்தால்தானே வரும் வழியை அடைக்க இயலும்? கண்டலின் மூச்சுவேர்களை மிதிக்காமல் அவற்றினிடையே சிக்கிய நெகிழியை எடுக்கப் பொறுமை வேண்டும். ஒருநாள் வந்து ஒருநூறு கன்று நட்டுப் படமெடுத்துச் சென்று, மறு ஆண்டு அக்கன்று உயிரோடு உள்ளதா எனக் கேளாத ‘மரநடு விழா’க்களுக்கும் இப்பணிக்கும் வெகு தூரம்.

பள்ளிகளும் இங்கே குற்றத்துக்கு முற்றும் நீங்கியவை அல்ல. மாணவர் சமூகத் தொண்டில் ஈடுபடும் திட்டம் 1997இல் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் தொடங்கியது. 2012இல் புதுப்பெயரும் புதுவடிவும் பெற்றது. நோக்கம் உயர்ந்தது. ஆயினும், ‘எத்தனை மணி நேரம் கிடைக்கும்?’ என்பதே பல மாணவரின் முதற்கேள்வி ஆகிவிட்டது. படிவத்தில் கையொப்பம் விழுந்ததும் தொண்டு முடிந்துவிடுகிறது. நண்டுக்கும் கண்டலுக்கும் அந்தப் படிவம் தெரியாது. கடல் ஏறுவதும் இறங்குவதும் பள்ளி நாள்காட்டியைக் கேட்டு அன்று. ஒரே கரைக்கு மீண்டும் மீண்டும் செல்பவரே மாற்றத்தைக் காண்பர். 2007இன் தொடக்கத்தில், பெருமழையால் ஜொகூர் ஆற்றுநீர் பெருகிக் கடலின் உப்பு குறைந்து, செக் ஜாவாவில் உயிரினங்கள் பெருந்தொகையாய் மடிந்தன. அதனை உடனே கண்டு பதிவு செய்தவர்கள் முன்பும் அக்கரைக்குச் சென்று பழகியவர்களே. முதன்முறை வந்தவர் கண்ணுக்கு அது வெறுங்கரையாகவே தோன்றியிருக்கும்.

தமிழ்க் கழகங்கள் செய்யத்தக்கது

பள்ளிகள் பலவற்றில் தமிழ்மொழிக் கழகம் உண்டு. பேச்சுப்போட்டியும் பட்டிமன்றமும் நடத்துகிறது. ‘இயற்கையைக் காப்போம்’ என்னும் தலைப்பில் குளிரூட்டிய மண்டபத்தில் மாணவர் முழங்குகின்றனர். முழக்கம் வேண்டாம் என்பார் இலர். ஒவ்வொரு கழகமும் ஒரு கரையையோ ஓடையையோ காட்டோரத்தையோ தனக்கென ஏற்று, ஆண்டுக்கு நான்கு முறையேனும் அங்கே சென்று, முறையறிந்த இயற்கைக் கழகத்தாரோடும் தேசியப் பூங்காக் கழகத்தாரோடும் சேர்ந்து பணியாற்றட்டும். பின்னர் அதே மாணவர் மேடையேறட்டும். அப்பேச்சின் சுவையே வேறாக இருக்கும்.

அங்கே தமிழுக்கும் பணி உண்டு. கண்டதைத் தமிழில் குறித்தல் வேண்டும். வெள்ளலையாத்தி, சுரபுன்னை, பவளக்காலி, உள்ளான் என்னும் பெயர்கள் அகராதியில் உறங்குகின்றன. அவற்றை உரிய மரத்தோடும் பறவையோடும் பொருத்தி வழங்க வேண்டும். தமிழில் பெயரில்லாத இவ்வட்டார உயிர்க்கு மலாய்ப் பெயரைத் தமிழெழுத்தில் ஏற்பதில் இழுக்கில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கியதைப் பெருமையோடு கூறும் மாணவர், தம் அடுக்குமாடி வீட்டின் கீழே நிற்கும் ஒன்பது மரத்தின் பெயரைக் கூற முயலட்டும். கபிலர் அம்மலர்களை நூலகத்திலிருந்து பெறவில்லை.

இதில் முதலடி வைக்க வேண்டியவர் ஆசிரியரே. மாணவரை அனுப்பிவிட்டு நிழலில் நிற்கும் ஆசிரியரால் இது நடவாது; காலணியில் சேறு படியும் ஆசிரியரால் நடக்கும். தேர்வு நெருக்குகிறது, பாடத்திட்டம் முடியவில்லை என்னும் காரணங்கள் எப்போதும் இருந்தன, எப்போதும் இருக்கும். கடல் தூர்க்கும் திட்டங்களும் அவ்வாறே வரும். அடுத்த திட்டம் எந்தக் கரைக்கு வரினும், அக்கரையில் வாழ்வன எவை எனச் சான்றோடு எழுந்து கூறுவோர் வரிசையில் தமிழ் படித்த பிள்ளைகளும் நிற்றல் வேண்டும். அதற்கான குறிப்பேட்டை இவ்வாண்டே திறந்தாக வேண்டும்.