வியர்வையை ஏலத்தில் எடுப்போர்

2022ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், நியூயோர்க் நகரின் சொதபிஸ் ஏல நிறுவனத்தில், கையில்லாச் சட்டையொன்று ஒரு கோடி டொலருக்கும் சற்று மேற்பட்ட விலைக்குப் போயிற்று. சிக்காகோ புல்ஸ் அணியின் கூடைப்பந்தாட்ட வீரர் மைக்கேல் ஜோர்டன், 1998ஆம் ஆண்டு இறுதித் தொடரின் முதலாவது ஆட்டத்தில் அணிந்திருந்த சட்டை அது. அத்தொடரை அவரது அணி வென்றதெனினும் அந்த முதலாவது ஆட்டத்தில் தோற்றது. தோற்ற நாளின் வியர்வைக்கே இவ்விலையெனில், இங்கு விலைபேசப்படுவது எது? அதனை உண்டாக்கியவர் யார்? அதன் பயனைத் துய்ப்பவர் யார்? இவ்வினாக்களை எழுப்பாது, 'செல்வரின் பொழுதுபோக்கு' என்று இதனை ஒதுக்கிவிட நாம் ஆயத்தமாக இல்லை.

துணிக்கு இவ்விலை இல்லை என்பதை எவரும் ஒப்புவர். விலை, அத்துணியில் படிந்த நினைவுக்கே. அந்நினைவை ஜோர்டன் ஒருவர் மட்டுமா படைத்தார்? அவருக்குப் பந்தளித்த தோழர், அவரைத் தடுத்து நின்ற எதிரணியினர், அரங்கில் ஆர்ப்பரித்தோர், தொலைக்காட்சி முன் உறக்கம் துறந்தோர், தெருமுனைக் களங்களில் அவரைப்போலத் துள்ள முயன்ற சிறுவர் யாவரும் சேர்ந்தல்லவா அதனைப் படைத்தனர்? பலர் கூடிப் படைத்த பெறுமதி ஒருவரது இரும்புப் பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது. ஏலத்தின் சாரம் இதுவே.

ஒரு சோடிச் சப்பாத்தின் வரலாற்றைப் பார்ப்போம். 1997ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் திகதி, உடல்நலங் குன்றிய நிலையிலும் ஜோர்டன் 38 புள்ளிகள் பெற்று யூற்றா அணியை வீழ்த்தினார். ஆட்டம் முடிந்ததும் தம் சப்பாத்துகளை, எதிரணியின் அரங்கிலே பந்தெடுத்துக் கொடுக்கும் பணி செய்த ஓர் இளைஞனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். அது ஒரு மனிதச் செயல். அதில் வணிகம் இல்லை. 2013இல் அச்சப்பாத்துகள் ஏலத்திலே 1,04,765 டொலருக்கு விற்கப்பட்டன. 2023இல் மீண்டும் ஏலத்துக்கு வந்தபோது அவற்றின் விலை 13 இலட்சத்து 80 ஆயிரம் டொலர். இடைப்பட்ட பத்தாண்டுகளில் அவற்றை அணிந்து எவரும் ஓடவில்லை. ஒரு துளி வியர்வையும் புதிதாகச் சிந்தப்படவில்லை. ஆயினும் விலை பதின்மூன்று மடங்காயிற்று. உழைப்பு ஓய்ந்த இடத்திலே இலாபம் ஓடத் தொடங்குகிறது.

சேகரிப்போர் தம் பொருள் மெய்யானதா என்று அறியக் கையாளும் முறை வியப்புக்குரியது. ஆட்டத்தின்போது எடுக்கப்பட்ட நிழற்படங்களை உருப்பெருக்கி, எண்கள் தைக்கப்பட்ட கோணம், வலைத்துணியின் துளைகள், பிரிந்து தொங்கும் நூல் முதலியவற்றைச் சட்டையுடன் ஒப்பிடுவர். ஒரு நூலிழையைத் தேடி இத்துணை நுட்பமாக நோக்கும் கண், அந்நூலைக் கோத்த கை யாருடையது என்று மட்டும் கேட்பதில்லை. 1998 மே மாதத்தில் நைக்கி நிறுவனத்தின் தலைவர் பில் நைட், தமது நிறுவனத்தின் பொருள்கள் அடிமைக் கூலிக்கும் கட்டாய மிகைநேர வேலைக்கும் மறுபெயராகிவிட்டன என்று வாஷிங்டனிலே பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். ஆசியத் தொழிற்சாலைகளின் நிலை உலகறிந்த பின் வந்த வாக்குமூலம் அது. அடுத்த மாதம் நடந்த இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் ஜோர்டன் அணிந்த நைக்கிச் சப்பாத்துகள், 2023இல் 22 இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டன. அணிந்தவர் பெயர் உண்டு. விற்றவர் பெயர் உண்டு. தைத்தவர் பெயர் எந்த ஏலப் பட்டியலில் உண்டு? தையற் தொழிற்சாலைகளுக்கு வைகறையில் விரையும் பெண்களை நாள்தோறும் காணும் நம் நாட்டவருக்கு இவ்வினாவின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

"நாங்கள் வரலாற்றைப் பேணுகிறோம்" என்பது சேகரிப்போர் தரப்பின் முதல் வாதம். பேணிய விதத்தைப் பார்ப்போம். 1997-98 பருவத்தில் அப்பர் டெக் என்னும் நிறுவனம், ஆட்டங்களில் வீரர் அணிந்த சட்டைகளைத் துண்டு துண்டாக வெட்டி, விளையாட்டு அட்டைகளுக்குள் பதித்து விற்றது. 1992ஆம் ஆண்டு நட்சத்திர ஆட்டத்தில் ஜோர்டன் அணிந்த சட்டையும் கத்தரிக்குத் தப்பவில்லை. முழுமையாக விற்பதிலும் வெட்டி விற்பது இலாபமெனில் வெட்டத் தயங்காத சந்தையை வரலாற்றின் காவலன் என்பது எங்ஙனம் பொருந்தும்?

நெய்ஸ்மித்தின் விதித்தாள்களை அவர்கள் எடுத்துக்காட்டக்கூடும். 1891 டிசெம்பரில் மசாசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் நகரில், பீச்சுப் பழக் கூடைகள் இரண்டை மாட்டி இவ்வாட்டத்தைத் தொடக்கிய ஆசிரியர் அவர். அவரது 13 விதிகளடங்கிய இரு தாள்கள் 2010இல் 43 இலட்சம் டொலருக்கு ஏலம் போயின. வாங்கிய செல்வர், நெய்ஸ்மித் பணியாற்றிய கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு அவற்றை அளித்தார். இன்று அவை மக்கள் பார்வைக்கு உள்ளன. நன்று. ஆனால் வாங்கியவர் மனம் வேறாயிருந்தால்? மக்களின் மரபு தனியொருவர் பெருந்தன்மையில் தொங்கிக் கொண்டிருப்பது பேணலாகுமா?

அடுத்த வாதம், தருமம். 2019இல் கரீம் அப்துல் ஜபார் தமது வெற்றி மோதிரங்கள் நான்கையும் பிற பொருள்களையும் விற்று, பணத்தின் பெரும்பகுதியைச் சிறுவர் கல்விக்கு வழங்கினார். அவ்வீரரை நாம் வணங்குகிறோம். ஆனால் கற்பிக்கும் தொழிலில் உள்ள நாம் ஒன்றைக் கேட்டே ஆகவேண்டும்: உலகின் மிகப்பெரும் செல்வ நாட்டிலே, சிறுவர் விஞ்ஞானம் பயில ஒரு முதியவர் தம் மோதிரங்களை விற்க வேண்டியிருப்பது யாருக்குப் பெருமை?

இப்போது சங்கமே வணிகனாகிவிட்டது. அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துச் சங்கம் 2023இல் சொதபிஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்தது. அவ்வாண்டு, 19 வயது நிரம்பிய விக்டர் வெம்பன்யாமா தமது முதல் ஆட்டத்தில் அணிந்த சட்டை, சில வாரங்களுக்குள் 7 இலட்சத்து 62 ஆயிரம் டொலருக்கு விற்கப்பட்டது. நினைவு கனியுமுன்பே அது பறிக்கப்படுகிறது.

நாம் நினைவுப் பொருள்களை வெறுக்கவில்லை. இரசிகன் ஒருவன் பழைய நுழைவுச்சீட்டைப் புத்தகத்துள் வைத்துப் போற்றுவதில் குற்றமில்லை. நாம் எதிர்ப்பது, பலரது நினைவைச் சிலரது முதலீடாக்கும் முறையையே. இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. ஓவியம் மறுமுறை விலைபோகும்போது ஓவியருக்குப் பங்களிக்கும் சட்டம் பிரான்சில் 1920இலேயே இயற்றப்பட்டது. அதுபோல் இப்பொருள்களின் ஒவ்வொரு மறுவிற்பனையிலும் ஒரு பங்கு பொது விளையாட்டுக் களங்களுக்கும் தைத்த தொழிலாளருக்கும் சேரட்டும். இறுதித் தொடர்களின் சட்டைகளைச் சங்கம் ஏலக்காரனிடம் ஒப்படையாது, ஆட்டம் பிறந்த ஸ்பிரிங்பீல்ட் நகரின் புகழ்மண்டபத்தில் வைக்கட்டும். பலர் படைத்ததைப் பலரும் காணட்டும்.