வனத்தில் ஊருக்கும் பங்கு வேண்டும்

ஆப்பிரிக்கக் கண்டத்தில் யானையோ காண்டாமிருகமோ திருட்டு வேட்டைக்கு இரையான செய்தியைப் படிக்கும்போதெல்லாம், காவலர்களை இன்னும் அதிகமாக நியமிக்க வேண்டும், தண்டனையை இன்னும் கடுமையாக்க வேண்டும், வேலியை இன்னும் உயர்த்த வேண்டும் என்ற எண்ணமே நம்மில் பெரும்பாலோருக்கு முதலில் உதிக்கிறது. இவை அவசியமான காரியங்களே. மலைபோல் குவித்த தந்தங்களின் படத்தை ஒருமுறை பார்த்தவர் எவரும் இவற்றை வேண்டாமென்று சொல்லமாட்டார். ஆயினும், காட்டின் ஓரத்தில் குடியிருந்து, காட்டு மிருகங்களால் பயிரையும் சில சமயம் உயிரையுமே இழந்து, அக்காட்டினால் வரும் லாபத்தில் ஒரு காசும் காணாத ஜனங்கள் மனம் வைத்தாலொழிய, எத்தனை ஆயிரம் காவலர்களை நிறுத்தினாலும் வனம் நிலைக்காது என்பதும், அவர்கள் மனம் வைப்பதற்குத் தானமும் தயவும் போதா, சட்டத்தால் உறுதிபெற்ற பங்கு வேண்டும் என்பதுமே இக்கட்டுரையின் வாதம். அதற்கு மொஸாம்பிக் தேசத்திலுள்ள கோரொங்கோஸா தேசியப் பூங்காவின் சரித்திரம் நல்ல சாட்சியம் சொல்லும்.

மொஸாம்பிக்கின் மத்தியில், சோஃபாலா மாகாணத்தில், கிழக்கு ஆப்பிரிக்கப் பெரும்பிளவுப் பள்ளத்தாக்கின் தென்கோடியில் அமைந்துள்ள இந்த வனம் ஏறத்தாழ 4,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அருகே தனித்து எழுந்து நிற்கும் கோரொங்கோஸா மலையில் பெய்யும் மழை, ஆறுகளாக இறங்கிச் சமவெளியை அடைந்து, உரேமா ஏரியை நிரப்பி, வெள்ளம் வடிந்தபின் தளிர்க்கும் புல்லினால் ஆயிரமாயிரம் மிருகங்களைப் போஷிக்கிறது. 1920-ஆம் ஆண்டில் மொஸாம்பிக் கம்பெனி என்ற வர்த்தக ஸ்தாபனம் இதில் ஒரு பகுதியைத் தன் அதிகாரிகளும் விருந்தினரும் வேட்டையாடி மகிழ்வதற்கென்று ஒதுக்கிக்கொண்டது. 1960-இல் போர்த்துகீசிய சர்க்கார் அதைத் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடியும் மீன் பிடித்தும் தேன் எடுத்தும் ஜீவித்து வந்த ஜனங்கள், தாங்கள் ஒரு தவறும் புதிதாகச் செய்யாமலே, சட்டத்தின் கண்ணில் குற்றவாளிகள் ஆனார்கள். துரைமார் துப்பாக்கியோடு வந்தால் அது விநோதம், ஊரான் கண்ணியோடு சென்றால் அது திருட்டு என்ற இந்த விசித்திர நியாயத்தை ஆப்பிரிக்காவின் பல பூங்காக்கள் தம் பிறப்பிலேயே சுமந்து வந்தன. அந்தப் பழங்கணக்கை மறந்துவிட்டு இன்றைய திருட்டு வேட்டையைப் பற்றிப் பேசுவது பாதிக் கதையைப் பேசுவதாகும்.

1975-இல் மொஸாம்பிக் சுதந்திரம் பெற்றது. இரண்டு ஆண்டுகளுக்குள் ஆளும் ஃப்ரெலிமோ கட்சிக்கும் ரெனாமோ கிளர்ச்சிக்காரர்களுக்கும் மூண்ட உள்நாட்டுப் போர் 1992 வரை நீடித்தது. அதன் கொடுமை கோரொங்கோஸாவையும் விடவில்லை. 1983-இல் பூங்கா மூடப்பட்டது. படைகளுக்கு இறைச்சி வேண்டியிருந்தது. துப்பாக்கி வாங்கப் பணம் வேண்டியிருந்தது. தந்தத்தை விற்றால் பணம் வந்தது. 1970-களின் தொடக்கத்தில் 2,500-க்கும் மேற்பட்டிருந்த யானைகள் 2000-ஆம் ஆண்டளவில் 250-க்கும் கீழாகக் குறைந்தன; ஏறத்தாழ 14,000 இருந்த காட்டெருமைகள் கண்ணில் படுவதே அரிதாயிற்று; பெரிய மிருகங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அழிந்துபோயின. சமாதான உடன்படிக்கை கையெழுத்தான பிறகும் கொலை ஓயவில்லை. காவல் இல்லாத காட்டில், வேலை இல்லாத ஜனங்களும் இறைச்சி வியாபாரிகளும் எஞ்சியதைச் சூறையாடினார்கள்.

இங்கே ஒரு பேதத்தை நாம் தெளிவாக உணர்ந்துகொள்ள வேண்டும். தந்தத்துக்காகவும் கொம்புக்காகவும் வேட்டையாடுகிறவனுக்குப் பின்னால் தூர தேசத்துத் தரகர்களும், துறைமுகங்களில் லஞ்சம் வாங்கும் உத்தியோகஸ்தர்களும், கடல் கடந்த சந்தைகளும் இருக்கின்றன. அவனை ஒடுக்கத் துப்பாக்கியும் துப்பறிதலும் நீதிமன்றமும் சர்வதேச ஒப்பந்தமும் இன்றியமையாதவை. 1989-இல் சர்வதேசத் தந்த வியாபாரம் தடை செய்யப்பட்டதும், 2017-ஆம் ஆண்டின் முடிவில் சீனா தன் உள்நாட்டுத் தந்தச் சந்தையை மூடியதும் இவ்வகையில் பெரிய காரியங்கள். ஆனால் கோரொங்கோஸாவின் காவலர்கள் அன்றாடம் காட்டிலிருந்து அகற்றுகிற கம்பிக் கண்ணிகளையும், பழைய லாரிகளின் ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்த இரும்புப் பொறிகளையும் வைப்பவர்கள் பெரும்பாலும் வேறு வகையினர். காட்டுப்பன்றியோ மானோ அகப்பட்டால் வீட்டுக்குக் கொஞ்சமும் விற்பனைக்குக் கொஞ்சமும் ஆகும் என்று எண்ணி வருகிற ஏழைகள் அவர்கள். அவர்கள் நாடுவது மானை. ஆனால் பொறிக்கு மான் எது, சிங்கம் எது என்று தெரியாது. கால் இழந்தும் கழுத்தில் கம்பி இறுகியும் சிங்கங்கள் அங்கே முடமாயின, மாண்டன. பசியால் பொறி வைக்கிறவனைப் பிடித்துச் சிறையில் அடைத்தால் அவன் தம்பி மறுநாள் பொறி வைப்பான். ஆகவே இவ்வகை வேட்டைக்கு மருந்து, சிறையில் அல்ல, ஜீவனோபாயத்தில்தான் இருக்கிறது.

2008-இல் மொஸாம்பிக் சர்க்காரும், அமெரிக்கத் தனவந்தரான கிரெக் கார் என்பவரின் அறக்கட்டளையும் பூங்காவைக் கூட்டாக நிர்வகிப்பதற்கு 20 ஆண்டு ஒப்பந்தம் ஒன்று செய்துகொண்டன. 2018-இல் அது மேலும் 25 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. அவர்கள் காட்டெருமை முதலிய மிருகங்களை வேறு வனங்களிலிருந்து கொண்டுவந்து விட்டதும், 2018-இல் ஆப்பிரிக்கக் காட்டுநாய்களைத் திரும்பக் குடியேற்றியதும் எல்லாப் பத்திரிகைகளிலும் பேசப்பட்டன. ஆனால் மிருகங்களை லாரியில் ஏற்றி வருவது பணமிருந்தால் முடிகிற காரியம். வந்த மிருகங்கள் உயிரோடு இருப்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டமான காரியத்தை அவர்கள் பூங்காவின் எல்லைக்கு வெளியே, ஏறத்தாழ இரண்டு லட்சம் ஜனங்கள் வாழும் சுற்றுவட்டாரக் கிராமங்களில் தொடங்கினார்கள் என்பதே நாம் கவனிக்கத் தக்க விஷயம். வனக் காவலர்களில் மிகப் பலர் அவ்வூர்களிலிருந்தே தெரிந்தெடுக்கப்பட்டார்கள். அவர்களுள் பெண்களும் உண்டு. மாதச் சம்பளம் வாங்கும் காவலன் ஒருவன் ஊரில் இருந்தால், அவனுடைய உற்றார் உறவினர் யாவருக்கும் காடு அந்நியர் சொத்தாகத் தோன்றுவது குறைகிறது. இரவில் யார் காட்டுக்குள் போனார்கள் என்ற செய்தியும் காவலனுக்குத் தானே வந்து சேருகிறது.

மலையின் கதை இன்னும் போதனை மிக்கது. 700 மீட்டர் உயரத்துக்கு மேற்பட்ட மலைப்பகுதி 2010-இல் பூங்காவோடு சேர்க்கப்பட்டபோது, அங்கே காட்டைத் திருத்திச் சோளமும் பிற பயிர்களும் விளைவித்துக்கொண்டிருந்த குடியானவர்கள், 1960-இல் சமவெளி ஜனங்களுக்கு நேர்ந்தது தங்களுக்கும் நேருமோ என்று அஞ்சியதில் வியப்பில்லை. மரங்களை வெட்டாதே என்று அதிகாரி சொன்னால், வேறெதைத் தின்பது என்று குடியானவன் கேட்பான். அக்கேள்விக்கு விடையாக வந்தது காப்பி. காப்பிச் செடிக்கு நிழல் வேண்டும், நிழலுக்கு மரம் வேண்டும். ஆகவே வெட்டிய இடத்தில் சுதேச மரங்களை நட்டு, அவற்றின் நிழலில் காப்பியைப் பயிராக்கி, செடி காய்க்கும் வரையிலான ஆண்டுகளுக்கு வேறு பயிர்களையும் ஊடே விளைவித்தால், குடியானவனுக்கு வருமானமும் ஆற்றுக்கு ஊற்றும் ஒருங்கே பிழைக்கின்றன. ரெனாமோவின் செல்வாக்கு ஓங்கியிருந்த அந்த மலையில், 2013-க்குப் பின் மீண்டும் சண்டை மூண்ட காலத்திலும் இந்த முயற்சி அடியோடு மடிந்துபோகவில்லை. கடைசியில் 2019 ஆகஸ்டில் சர்க்காரும் ரெனாமோவும் சண்டை நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டதும் கோரொங்கோஸா பூங்காவிலேதான்.

பூங்கா நிர்வாகம் இக்கிராமங்களில் நடத்தும் கல்வியும் வைத்தியமும் காட்டிலாகாவின் வேலையா என்று சிலர் கேட்கலாம். சுற்றுவட்டாரத்துப் பள்ளிகளில் மாலை வேளைகளில் நடக்கும் சிறுமியர் சங்கங்கள், சிறு வயதிலேயே பெண்களைக் கட்டிக்கொடுக்கும் வழக்கத்தைத் தடுத்து, அவர்களைப் பள்ளியில் நிலைக்கச் செய்ய முயல்கின்றன. அச்சிறுமியரைப் பூங்காவுக்குள் அழைத்துச் சென்று யானைகளைக் காட்டுவதும் அச்சங்கங்களின் வேலைகளில் ஒன்று. படித்த பெண்கள் உள்ள குடும்பத்துக்குப் பொறி வைப்பதைத் தவிர வேறு வழிகளும் திறக்கின்றன என்பதால் இதுவும் வன சம்ரக்ஷணையே. 2019 மார்ச்சில் இதாய் என்னும் சூறாவளி பெய்ரா நகரையும் சோஃபாலா மாகாணத்தையும் நாசமாக்கியபோது, வெள்ளத்தால் சூழப்பட்ட கிராமங்களுக்கு உணவு கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் இப்பூங்காவின் காவலர்களும் இருந்தார்கள். ஆபத்தில் அரிசி கொண்டு வந்த கைகளை ஊர் எளிதில் மறப்பதில்லை.

பலன் என்ன? 2018-ஆம் ஆண்டின் வானூர்திக் கணக்கெடுப்பில் பெரிய மிருகங்களின் எண்ணிக்கை வெகுவாகப் பெருகியிருந்தது. அவற்றில் பெரும்பகுதி வாட்டர்பக் என்னும் மான் இனமே. காட்டெருமையும் நீர்யானையும் வரிக்குதிரையும் பழைய நிலையை எட்டுவதற்கு இன்னும் வெகுகாலம் ஆகும். யானைகள் பெருகியிருக்கின்றன. ஆனால் அவற்றின் உடலிலேயே போர் தன் முத்திரையைப் பதித்துவிட்டது. தந்தமில்லாத பெண் யானைகள் போருக்கு முன் நூற்றுக்கு 18.5 ஆக இருந்து, போரில் பிழைத்தவற்றுள் ஏறக்குறைய 51 ஆக உயர்ந்தன என்றும், போருக்குப் பின் பிறந்த பெண் யானைகளிலும் மூன்றில் ஒரு பங்கு தந்தமின்றியே இருக்கின்றன என்றும் 2021-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. தந்தமுள்ளவை கொல்லப்பட, இல்லாதவை பிழைத்துச் சந்ததியைப் பெருக்கின. மனிதனின் பேராசை பதினைந்தே ஆண்டுகளில் ஓர் இனத்தின் பரம்பரையையே மாற்றவல்லது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி, மறுபக்கத்தாரின் ஆட்சேபங்களையும் நாம் செவிமடுக்க வேண்டும். யானை பெருகினால் வயல் அழிகிறது. ஆற்றைக் கடந்து ஓர் இரவில் வந்து போகும் கூட்டம் ஒரு குடும்பத்தின் வருஷ ஆகாரத்தைத் தின்றுவிடுகிறது. தேன்கூடுகளைக் கம்பியில் வரிசையாகக் கோத்துக் கட்டும் தேனீ வேலி கோரொங்கோஸாவில் சோதிக்கப்பட்டு யானைகளைத் திருப்பியனுப்ப உதவியது உண்மையே. எனினும் எல்லா வயலுக்கும் அது போதுமானதன்று. இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. இத்தனை பள்ளியும் மருத்துவமும் காப்பியும் பெரும்பாலும் வெளிநாட்டு நன்கொடையால் நடக்கின்றன. நன்கொடையாளர் ஒருவர் மனம் மாறினாலோ, ஒப்பந்தம் முடிந்தாலோ, அந்த ஊர்களின் கதி என்ன? தயவினால் கிடைத்தது தயவு தீர்ந்தவுடன் தீர்ந்துவிடும். இந்த ஆட்சேபத்துக்குக் கோரொங்கோஸா மட்டும் பூரண விடை தராது. அதே கண்டத்தின் மறுகரையிலுள்ள நமீபியாவையும் நாம் பார்க்க வேண்டும்.

1980-களின் தொடக்கத்தில், கடும் பஞ்சத்தோடு திருட்டு வேட்டையும் சேர்ந்து வடமேற்கு நமீபியாவின் பாலைநிலத்தில் யானைகளையும் கருங்காண்டாமிருகங்களையும் அழித்துக்கொண்டிருந்த சமயத்தில், கார்த் ஓவன்-ஸ்மித் என்பவர் அப்பிரதேசத்து ஊர்த்தலைவர்களோடு கலந்து பேசி, அத்தலைவர்களே தெரிந்தெடுத்து அத்தலைவர்களுக்கே பதில் சொல்லும் சமூகக் காவலர்களை நியமிக்க வழிசெய்தார். அந்தக் காவலர்களிடம் துப்பாக்கி இல்லை. நிலத்தைப் பற்றிய அறிவும் ஊரின் அதிகாரமும் இருந்தன. தேசம் சுதந்திரம் பெற்றபின், 1996-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், பொது நிலத்தில் வாழும் ஜனங்கள் தமக்குள் சங்கம் அமைத்து, எல்லை வகுத்து, வனவிலங்குகளை நிர்வகிக்கவும் அவற்றினால் வரும் வருமானத்தைத் தாமே பெறவும் உரிமை வழங்கியது. 1998-இல் நான்காக இருந்த அச்சங்கங்கள் இன்று எண்பதுக்கும் மேலாகப் பெருகி, தேசத்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தம் பொறுப்பில் வைத்திருக்கின்றன. இங்கும் கொம்பு வியாபாரிகளின் கை நீளாமலில்லை. 2022-இல் நமீபியாவில் கொல்லப்பட்ட 87 காண்டாமிருகங்களில் 46, வேலியிட்டுக் காவல் போட்ட எட்டோஷா தேசியப் பூங்காவிலேயே கொல்லப்பட்டன. அங்கே காண்டாமிருகங்கள் அதிகம் என்பதும் அதற்கு ஒரு காரணம்தான். எனினும் வேலி ஒன்றே கதியென்று நம்புகிறவர்கள் இவ்வெண்களைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஆக, கோரொங்கோஸா ஜீவனத்தைக் கொடுத்தது. நமீபியா உரிமையைக் கொடுத்தது. ஜீவனமில்லாத உரிமை காகிதமாகவே இருக்கும். உரிமையில்லாத ஜீவனம் பிறர் கையில் இருக்கும். மொஸாம்பிக்கின் சட்டத்தில் வன வருமானத்தில் நூற்றுக்கு 20 ஊர்ச் சமூகங்களுக்குச் சேர வேண்டும் என்ற விதி ஏற்கனவே இருக்கிறது. அந்தப் பங்கு சுற்றுலா வருமானம் சொற்பமாயிருக்கையில் சொற்பமாகவே இருக்கும் என்பதால், பயிர்ச் சேதத்துக்கும் உயிர்ச் சேதத்துக்கும் ஈடு, காட்டு நிர்வாகத்தில் வாக்களிக்கும் ஸ்தானம், பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் கணக்கு ஆகியவையும் சட்டத்தால் அதனோடு சேர்க்கப்பட வேண்டும். இவை சேர்ந்தால், ஒப்பந்தம் முடிந்து தனவந்தர் விடைபெற்றாலும் வனம் விடைபெறாது.

ஆப்பிரிக்க வனங்களைக் காக்கப் பணம் அனுப்புகிற தேசங்களும், அவற்றைப் பார்க்கப் போகிற யாத்திரிகர்களும், அப்பணத்தைக் கையாளும் சர்க்கார்களும் இனி முதலாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை துப்பாக்கி வாங்கினீர்கள் என்பதன்று. காட்டோரத்து ஊரின் கைக்கு, சட்டப்படி, எவ்வளவு சென்றது என்பதே. இக்கேள்விக்கு வெட்கமின்றி விடை சொல்ல முடிகிற தேசத்தில்தான் யானை நிலைக்கும்.