வீட்டைப் பார்க்க முன்னர் வீதியைப் பாருங்கள்

கனடாவில் வாழும் என் பல்கலைக்கழகக் கால நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்னர் நீண்டதொரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஊரில் தனியாக இருக்கும் தமது தாயாரைக் கொழும்புக்கு அழைத்து வந்து குடியமர்த்த விரும்புகிறார். தாயாருக்கு வயது 76. மாதத்துக்கு ஒரு தடவையேனும் வைத்தியரிடம் போகவேண்டும். ஏறத்தாழ ஒரே விலையில் இரண்டு இடங்கள் வந்திருக்கின்றனவாம். ஒன்று, மாலபேக்கும் அப்பால் முற்றமும் மாமரமும் கொண்ட நான்கு அறை வீடு. மற்றையது, வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கை ஒன்றில் இரண்டு அறைத் தொடர்மாடி வீடு. படங்களையும் இணைத்திருந்தார். "நீர் அங்கேயே இருக்கிறவர், எதை வாங்கலாம் எண்டு சொல்லும்" என்று முடித்திருந்தார்.

படங்களைப் பார்த்தால் எவரும் மாலபே வீட்டையே தெரிவு செய்வார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் தெரிவு செய்தேன். அந்தத் தெரிவைப் பற்றி இதுவரை நான் எழுதியதில்லை. நண்பருக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது, அதைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது என்று தோன்றியது.

நான் 1993இல் பத்திரிகை வேலைக்காகக் கொழும்புக்கு வந்தவன். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜின் சிறிய அறையில் மூவராகத் தங்கினோம். அந்நாளில் இடம் தெரிவு செய்வதற்கு எங்களுக்கு இருந்த அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். பொலிஸ் பதிவைக் காட்டினால் அறை தருகின்ற, இரவில் சோதனைக்கு வந்தால் பக்கத்து அறைக்காரரும் தமிழராக இருக்கின்ற இடம் எதுவோ அதுவே எங்கள் இடம். 1983 ஜூலையில் இதே காலி வீதியில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. எரிந்த இடத்துக்கே மக்கள் மீண்டும் வந்து சேர்ந்தார்கள். கூட்டமாக இருப்பதில் ஒரு தைரியம் இருந்தது. அந்தத் தைரியம் எவ்வளவு மெல்லியது என்பதை 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் பார்த்தோம். லொட்ஜுகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றிக் கொழும்பிலிருந்து வெளியேற்றினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பின்னரே அது நின்றது.

எனவே வெள்ளவத்தையை ஒரு சொர்க்கமாகக் காட்ட நான் வரவில்லை. ஆனால் அச்சத்தால் தேர்ந்தெடுத்த அந்த இடத்தில், நாங்கள் கேளாமலே வேறொன்று கிடைத்தது. அங்கே வாகனம் இல்லாமல் வாழ முடிந்தது.

வெள்ளவத்தையின் அமைப்பை அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மேற்கே கடல். கடலை ஒட்டிப் புகையிரதப் பாதை. அதற்குச் சமாந்தரமாகக் காலி வீதி. கிழக்கே சற்றுத் தள்ளி ஹவ்லொக் வீதி. இவற்றுக்கு இடையில் ஏணிப்படிகள்போல ஒழுங்கைகள். காலி வீதியில் பாணந்துறையிலிருந்து வரும் 100ஆம் இலக்க பஸ்ஸும் மொரட்டுவையிலிருந்து வரும் 101ஆம் இலக்க பஸ்ஸும் புறக்கோட்டைக்குச் செல்கின்றன. 141ஆம் இலக்க பஸ் நாரஹேன்பிட்டிக்குப் போகிறது. புகையிரத நிலையத்தில் ஏறினால் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு என்று கோட்டை வரை போகலாம். யாழ்ப்பாணத்துக்கான இரவு பஸ்களுக்கும் இங்கேயே ஏறிவிடலாம். எந்த ஒழுங்கையிலிருந்து புறப்பட்டாலும் சில நிமிட நடையில் பஸ்ஸோ ரயிலோ வந்துவிடும். சந்தை, மருந்துக்கடை, கோயில், பாடசாலை, 57ஆவது ஒழுங்கையிலுள்ள தமிழ்ச் சங்க நூலகம் எல்லாம் அந்த நடைக்குள் அடங்கும்.

இரவுப் பணி முடிந்து கடைசி 101ஐப் பிடித்து வந்து இறங்கினால், ஐந்து நிமிடத்தில் அறைக்கதவைத் திறப்பேன். அது ஒரு வசதி என்று அன்று எனக்குத் தெரியவில்லை. உள்ளபோது தெரியாத வசதிகளில் அதுவும் ஒன்று.

திருமணத்தின் பின்னரும் வெள்ளவத்தையிலேயே ஒரு சிறிய வாடகை வீட்டில் இருந்தோம். அம்மாவும் எங்களுடன் வந்து சேர்ந்தார். காலையில் கோயில், திரும்பும் வழியில் சந்தை, பின்னேரம் அடுத்த ஒழுங்கையிலுள்ள ஊர்க்காரர் வீடு என்று அவருக்கென்று ஒரு நாள் இருந்தது. அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். சந்தையில் கீரை விற்ற சிங்களப் பெண்ணும் அவருக்காகத் தமிழில் எண்ணப் பழகியிருந்தாள்.

2002இல் போர்நிறுத்தம் வந்தது. இனிப் பயமில்லை என்று எல்லோரையும்போல நானும் எண்ணினேன். புத்தகங்கள் வைக்க இடமில்லை, பிள்ளைகள் ஓடி விளையாட முற்றமில்லை என்ற குறைகள் திடீரெனப் பெரிதாகத் தெரிந்தன. 2003இல், அதே வாடகைக்கு இரண்டு மடங்கு பெரிய வீடு ஒன்றுக்கு, மாலபேப் பக்கம் குடிபெயர்ந்தோம். கிணறு, வாழைகள், தென்னை என்று எல்லாம் இருந்தன. அம்மாவுக்கு ஊர்போல இருக்கும் என்று நானே முடிவு செய்தேன். அவரைக் கேட்கவில்லை.

வீட்டிலிருந்து பிரதான வீதிக்கு இருபது நிமிட நடை. நடைபாதை கிடையாது. மழை பெய்தால் ஓரமெல்லாம் சேறு. அங்கிருந்து பஸ் பிடித்து நகருக்குள் வர ஒன்றரை மணித்தியாலம் ஆகும். பஸ்ஸின் பெயர்ப்பலகையை அம்மாவால் வாசிக்க முடியாது. நடத்துநரிடம் எங்கே இறங்குவது என்று கேட்க முடியாது. 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம் தமிழும் ஓர் அரச கரும மொழியாயிற்று. அந்தச் சட்டம் எங்கள் ஒழுங்கைக்கு வரும் பஸ்ஸில் ஏறவில்லை. போக்குவரத்து வசதி பற்றிப் பேசுவோர் தூரத்தையும் நேரத்தையும் கணக்கிடுகிறார்கள். போகுமிடத்தை வாய்திறந்து கேட்க முடிவதும் போக்குவரத்து வசதிதான் என்பதை நான் அம்மாவிடமிருந்து கற்றேன்.

முதல் இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் முச்சக்கர வண்டி பிடித்து அவரைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். பத்திரிகைக்காரனுக்கு எல்லா ஞாயிறும் ஓய்வு கிடைப்பதில்லை. பிறகு அது மாதத்துக்கு ஒன்றாயிற்று. அம்மா முறையிடவில்லை. முன் விறாந்தையில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு படலையைப் பார்த்தபடி இருப்பார். 2005இல் ஒருநாள், "தம்பி, நான் ஊருக்குப் போறன். அங்கை எண்டால் நான் நடந்து திரிவன்" என்றார். ஏ-9 பாதை திறந்திருந்த காலம். பஸ் ஏற்றி அனுப்பிவைத்தேன்.

2006 ஆகஸ்டில் அந்தப் பாதை மூடப்பட்டது. 2007இன் தொடக்கத்தில் அம்மா யாழ்ப்பாணத்தில் காலமானார். பயண அனுமதி கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது எட்டாம் நாள் கடந்திருந்தது. போரை நான் தடுத்திருக்க முடியாது. ஆனால் வெள்ளவத்தையில் அந்தச் சிறிய வீட்டிலேயே இருந்திருந்தால் அவர் ஊருக்குப் போயிருக்கவே மாட்டார் என்ற எண்ணம் இன்றுவரை என்னை விட்டு அகலவில்லை.

நண்பருக்கு இதைத்தான் முதலில் எழுதினேன். அதன்பின் சில பொதுவான விடயங்களையும் எழுதினேன். அவை பிற வாசகர்களுக்கும் பயன்படலாம்.

ஒரு வீட்டைத் தெரிவு செய்யும்போது அந்த வீட்டில் வாகனம் ஓட்டாதவர் யார் என்று முதலில் கேளுங்கள். முதியவர்கள், பாடசாலைப் பிள்ளைகள், பெரும்பாலான வீடுகளில் பெண்கள். வாகனம் ஓட்டுபவருக்கு எந்த இடமும் இடந்தான். மற்றவர்களுக்கோ, பஸ் தரிப்பிடம் இருக்கும் தூரமே அவர்களுடைய சுதந்திரத்தின் அளவு. ஒருவரின் தயவில்லாமல் மருந்து வாங்கப் போக முடிகிற வயோதிபருக்கும், மகன் வரும்வரை காத்திருக்கும் வயோதிபருக்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரியது.

வாகனம் இருக்கிறதுதானே என்று சொல்பவர்கள் 2022ஆம் ஆண்டை மறந்துவிட வேண்டாம். எரிபொருள் வரிசையில் மக்கள் நாட்கணக்கில் காத்திருந்தார்கள். கியூஆர் குறியீட்டைக் காட்டி வாராந்தப் பங்கு பெறும் நிலை வந்தது. அவ்வேளையில் பல இலட்சம் ரூபா பெறுமதியான கார்கள் முற்றத்தில் நிற்க, புகையிரத நிலையத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் வசித்தவர்களே வேலைக்குப் போய் வந்தார்கள். நெரிசலில் தொங்கிக்கொண்டுதான் போனார்கள், ஆனாலும் போனார்கள்.

அதே 2022 தொடர்மாடிவாசிகளுக்கும் ஒரு பாடம் கற்பித்தது. ஒரு நாளில் பத்து மணித்தியாலத்துக்கும் மேலாக மின்சாரம் நின்ற நாட்கள் இருந்தன. மின்பிறப்பாக்கி இல்லாத கட்டடங்களின் மேல்மாடிகளில் இருந்த முதியவர்கள் கீழே இறங்க வழியின்றி இருந்தார்கள். கடற்காட்சி தெரியும் ஒன்பதாவது மாடியைக் காட்டிலும், மின்தூக்கி நின்றாலும் படியிறங்கக்கூடிய இரண்டாவது மாடி மேலானது.

வெள்ளவத்தைக்கும் குறைகள் உண்டு. காலி வீதியின் இரைச்சல் நள்ளிரவிலும் அடங்காது. உப்புக் காற்றில் இரும்பு எல்லாம் துருவேறும். ஒற்றை வீடுகள் இருந்த ஒழுங்கைகளில் தொடர்மாடிகள் எழுந்துவிட்டதால் வெயிலும் காற்றும் குறைந்துவிட்டன. நடைபாதையில் நடக்க முடியாதபடி வாகனங்களை நிறுத்துகிறார்கள். விலையோ சாதாரண சம்பளக்காரர் எண்ணிப்பார்க்க முடியாத இடத்துக்குப் போய்விட்டது. அதில் புலம்பெயர்ந்த எங்கள் உறவுகளின் பணத்துக்கும் பங்குண்டு. வெளிநாட்டிலிருந்து வாங்கிப் பூட்டி வைத்திருக்கும் வீடுகள் இருக்க, அதே ஒழுங்கையில் வாடகைக்கு வீடு கிடைக்காமல் ஓர் ஆசிரியர் தினமும் இரண்டு மணித்தியாலம் பஸ்ஸில் நின்று வருகிறார். இதையும் நாங்கள் யோசிக்க வேண்டும்.

வெள்ளவத்தை ஒன்றுதான் வழி என்று நான் சொல்லவில்லை. தெஹிவளை, கொட்டாஞ்சேனை, வத்தளை, நுகேகொட என்று எந்த இடமாயினும், நடந்துபோய்ப் பொதுப் போக்குவரத்தில் ஏறக்கூடிய ஒரு மூலை இருக்கும். அதைத் தேடுங்கள். உண்மையில் இது தனிமனிதர்கள் தேடி அலைய வேண்டிய ஒன்றாகவே இருந்திருக்கக்கூடாது. கொழும்பில் 1899இல் டிராம் வண்டி ஓடத் தொடங்கியது. 1960இல் அதை நிறுத்திவிட்டோம். மாலபேயிலிருந்து கோட்டைக்கு ஜப்பானிய உதவியுடன் அமையவிருந்த இலகு ரயில் திட்டத்தை 2020இல் அரசாங்கம் இரத்துச் செய்தது. அது வந்திருந்தால் மாலபேயிலிருக்கும் ஒரு தாய்க்கும் வெள்ளவத்தைத் தாய்க்கும் உள்ள தூரம் குறைந்திருக்கும். தண்டவாளம் இல்லாத நகரத்தில், தண்டவாளத்துக்கு அருகிலுள்ள நிலம் பொன்னாகிவிடுகிறது.

வெளிநாடுகளில் வாழும் வாசகர்களுக்கு இது புதிதல்ல. பாரிஸில் தமிழ்க்கடைகள் லாச்சப்பலில், பெரிய புகையிரத நிலையம் ஒன்றுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தன. லண்டனில் ஈஸ்ட்ஹாமிலும் வெம்பிளியிலும் நிலக்கீழ் ரயில் நிலையங்களை ஒட்டியே தமிழர் குடியேறினார்கள். ஸ்காபரோவில் பலர் நம்பியிருந்த ரயில் பாதை 2023 ஜூலையில் வண்டி தடம்புரண்டதோடு நிரந்தரமாக மூடப்பட்டது. பதிலாக பஸ் விடப்பட்டது. அதில் ஏறிப் போகும் என் நண்பருக்கு, ஒரு பாதை இல்லாமற்போனால் ஒரு நாளில் எவ்வளவு நேரம் இல்லாமற்போகும் என்பது என்னைவிட நன்றாகத் தெரியும். தமக்குத் தெரிந்ததைத் தாயாருக்குப் பொருத்திப் பார்க்க அவர் மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

இறுதியாக அவருக்கு எழுதியது இது: "படத்தைப் பார்த்து வாங்காதையும். வேலை நாளொன்றில் காலை ஏழு மணிக்கு அம்மாவை அந்த ஒழுங்கையிலிருந்து பஸ் தரிப்பிடத்துக்கு நடக்கவிட்டுப் பாரும். கையில் ஒரு பையும் இருக்கட்டும். மழை நாளிலும் ஒருக்கால் பாரும். எல்லாவற்றுக்கும் முதல், அம்மாவைக் கேட்டனீரா?"

இரண்டு வாரம் பதில் வரவில்லை. பிறகு வந்தது. கேட்டிருக்கவில்லையாம். இப்போது கேட்டாராம். கடந்த மாதம் அவரே விடுப்பில் வந்து தாயாரை அழைத்துக்கொண்டு இரண்டு இடங்களுக்கும் போனார். மாலபே வீட்டின் மாமரத்தைத் தாயார் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம். வெள்ளவத்தையில், இவர் தரகருடன் பேசிக்கொண்டிருக்கையில், சொல்லாமலே சந்தைக்குப் போய் ஒரு கட்டு முருங்கையிலையுடன் திரும்பி வந்தாராம்.

இன்னும் எதையும் வாங்கவில்லை. வெள்ளவத்தையில் ஆறு மாதத்துக்கு ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். அதன்பின் முடிவு சொல்லப்போகிறவர் தாயார்.