போன தேசமும் சொந்த தேசம்

கடல் கடந்து வாழும் நம்மவர் எழுதியனுப்பும் கதைகளையும் கவிதைகளையும் சிரத்தையுடன் வாசித்து வருகிறோம். அவர்கள் இப்போது வசிக்கும் தேசத்தில் மழை எந்த மாதத்தில் பெய்கிறது, அண்டை வீட்டார் எந்தப் பாஷையில் சண்டையிட்டுக்கொள்கிறார்கள், பிள்ளைகள் எந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு பள்ளியிலிருந்து வருகிறார்கள் என்பனவற்றில் ஒன்றேனும் அவற்றில் தென்படாமல், விட்டுப் போன ஊரின் குளக்கரையும் கோயில் வாசலும் மாத்திரமே திரும்பத் திரும்ப வருவது எங்களை வருந்தச் செய்கிறது. அந்த ஏக்கம் பொய்யென்று நாங்கள் சொல்லவில்லை. ஆயினும் ஒருவன் தன் வாலிபம் முழுவதையும் உழைப்பாய்க் கொடுத்து, பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, பெற்றோரையும் அடக்கம் செய்துவிட்ட ஒரு பூமியைத் தங்கிப் போகும் சத்திரமாகவே கடைசிவரை எண்ணியிருப்பானாகில், அதில் ஊரிலிருக்கும் நமக்கும் பங்குண்டு. எப்போது திரும்பி வருகிறாய் என்பதைத் தவிர வேறெதையும் நாம் அவனிடம் கேட்டதில்லை.

மலாயாவுக்குப் போன நம் ஜனங்களின் சரித்திரம் இதை நன்றாக விளக்குகிறது. தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய கங்காணிமாரின் வார்த்தையை நம்பி நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்களில் பெரும்பாலோர், சில வருஷம் பால்மரம் வெட்டிக் கடனை அடைத்து, கையில் நாலு காசுடன் ஊர் திரும்பலாம் என்ற எண்ணத்தோடு போனவர்களே. இருள் பிரியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, லயம் என்னும் வரிசைக் குடியிருப்பில் உறங்கி, அந்த எண்ணத்தையே துணையாகக் கொண்டு அவர்கள் காலம் கழித்தார்கள். கங்காணி முறையில் ஆள் அனுப்புவதை இந்திய சர்க்கார் 1938இல் நிறுத்தியது. பின்னர் யுத்தம் வந்தது. அப்போது ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதை எண்ணற்ற தோட்டத் தொழிலாளரைப் பலிகொண்டது. இத்தனைக்குப் பிறகும் எஞ்சியோர் அங்கேயே இருந்தார்கள் என்றால், அவர்கள் எந்த மண்ணுக்கு உரியவர்களாகி விட்டார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இந்த உண்மையைத் தெளிவாய்க் கண்டு, பயமின்றி எடுத்துச் சொன்னவர் கோ. சாரங்கபாணி. திருவாரூரில் பிறந்து, 1924இல் இளைஞராய்ச் சிங்கப்பூர் சென்று, அங்கேயே ஒரு சீனப் பெண்மணியை மணந்து இல்லறம் நடத்தி, 1974இல் அந்த மண்ணிலேயே மறைந்த அவர், 1935இல் தோன்றிய 'தமிழ் முரசு' பத்திரிகையைத் தம் வாழ்நாட் பணியாக்கிக்கொண்டார். 1957இல் சிங்கப்பூரில் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, தயங்கி நின்ற தமிழரிடம், பதிந்துகொள்ளுங்கள், இதுவே உங்கள் நாடு என்று அவர் ஓயாமல் வற்புறுத்தினார். அதே மனிதர்தாம், மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறையில் வடமொழிக்கே முதலிடம் தரவேண்டுமென்ற யோசனை எழுந்த காலத்தில், தமிழுக்கே அந்த இடம் வேண்டுமென்று போராடி, 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்று கூலித் தொழிலாளரும் கொடுத்த அந்தப் பணம் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்கப் பயன்பட்டது. புதிய தேசத்தின் மீது விசுவாசம் கொள்கிறவன் தாய்மொழியைக் கைவிட்டுவிடுவான் என்று இன்றும் அஞ்சுவோர் இவ்விரு காரியங்களையும் சேர்த்து நோக்கவேண்டும். கப்பலை எதிர்பார்த்து மூட்டையைக் கட்டி வைத்திருப்பவன் நூல்நிலையத்துக்குப் பணம் தரமாட்டான்; தன் பேரனும் பேத்தியும் அங்கேயே படிக்கப் போகிறார்கள் என்று நிச்சயித்தவனே தருவான். இன்று சிங்கப்பூரின் ஆட்சிமொழிகளுள் தமிழும் ஒன்றாய் இருப்பது, பிரஜைகளாக நின்று கேட்டவர்களின் மொழிக்குக் கிடைத்த ஸ்தானம் என்றே நாங்கள் கருதுகிறோம்.

மலேசியாவில் பிரஜாவுரிமை பெறாது போனவர்களின் கதி துயரமானது. 1969ஆம் வருஷத்துக் கலவரத்தை ஒட்டிய காலத்தில் வேலை அனுமதிச் சட்டம் கடுமையாக அமல்செய்யப்பட்டபோது, தோட்டத்திலேயே ஆயுளைக் கழித்த பலர் அந்நியர் என்று கணக்கிடப்பட்டு, முகமறியாத உறவினரைத் தேடித் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். எழுத்தறியாத, பிறப்புச் சான்றும் இல்லாத அந்த ஏழைகளை நாங்கள் குறை கூறத் துணியோம். அவர்களுக்கு வழிகாட்டியிருக்க வேண்டிய படித்தவர்கள் போதிய அளவில் முன்வரவில்லை என்பதே எங்கள் மனக்குறை.

எழுத்திலும் இந்த நியாயம் செல்லும். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நிலைத்து நிற்பதற்கு, மெடானின் தெருக்களையும் பினாங்கின் கடைகளையும், அங்கே புழங்கிய சீனர், மலாய்க்காரர், டச்சுக்காரர் யாவரையும் அவர் தம் சொந்த ஊராரைப் போலவே அறிந்து எழுதியதும் ஒரு காரணம். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' மலேசிய மண்ணிலிருந்து பிறந்தபடியால், இங்கிருக்கும் எவராலும் எழுதமுடியாத நூலாயிற்று.

ஆகையால், டொரண்டோவிலும் ஆஸ்லோவிலும் கோலாலம்பூரிலும் துபாயிலும் எழுதிக்கொண்டிருக்கும் சகோதர சகோதரிகளுக்கு எங்கள் வேண்டுகோள்: நீங்கள் வாங்கிய வீட்டையும், செலுத்தும் வரியையும், வாக்களிக்கும் உரிமை உள்ள இடத்தில் அந்தத் தேர்தலையும், பக்கத்து வீட்டுக் கிழவரின் மரணத்தையும், உங்கள் பனியையும் மணலையும் பற்றி எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அவற்றுக்கென்று பக்கங்களை ஒதுக்கி வைத்திருக்கிறோம்.