விழிக்க மறுக்கும் கணிப்பொறி

கல்லூரித் தமிழ்த்துறைகளில் கணிப்பொறி புகுந்து ஆண்டுகள் பலவாயின. வினாத்தாள் முதல் ஆய்வேடு வரை, விழா அழைப்பிதழ் முதல் வருகைப் பதிவேடு வரை யாவும் அதன் வயிற்றினுள் அடங்கிக் கிடக்கின்றன. அத்தகைய பொறி ஒருநாட் காலை விழிக்க மறுத்துவிடுமாயின் துறையில் எழும் முதற்குரல் யாது? 'ஃபார்மட் அடித்துவிடலாம்' என்பதே அது. உடன் பணியாற்றுவோர் சொல்வர். அலுவலக உதவியாளர் சொல்வார். பழுது நீக்கும் கடைக்காரரோ பொறியின் மூடியைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். வன்தட்டில் உள்ளவற்றை எல்லாம் துடைத்தெறிந்துவிட்டு இயக்குதளத்தைப் புதிதாக நிறுவுதலே இச்சொல்லின் பொருள். சொல்வதற்கு எளிது. ஆயினும் லினக்ஸ் நிறுவிய பொறிகளைப் பொறுத்தமட்டில் இது பெரும்பாலும் தேவையற்ற அழிவு என்பதே நம் கருத்து. திரையில் நிற்கும் ஒரு வரியைப் படிக்கும் பொறுமை இருந்தால் பத்து நிமிடத்தில் தீரக்கூடிய கோளாறுக்காகப் பல்லாண்டு உழைப்பைப் பலியிடுகிறோம்.

லினக்ஸ் நமக்கு அயலானதன்று. பின்லாந்தின் ஹெல்சின்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு இதனை உலகிற்கு அறிவித்தார். அதனை அடிப்படையாகக் கொண்டு நடுவணரசின் சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்னும் இந்திய லினக்சை உருவாக்கியது. தமிழக அரசு 2011இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணிப்பொறி வழங்கத் தொடங்கியபோது விண்டோசுடன் பாஸ் லினக்சும் அவற்றில் இடம்பெற்றிருந்தது. விலை கொடுத்து வாங்க வேண்டாத தளம் ஆகையால், வயது முதிர்ந்த பொறிகளுக்கு மறுவாழ்வு தரவும் கல்லூரிகளில் இது பயன்பட்டு வருகின்றது.

மின்பொத்தானை அழுத்தியது முதல் முகப்புத்திரை தோன்றுவது வரை பொறிக்குள் நிகழ்வது ஓர் அஞ்சலோட்டம். அதில் ஓடுவோர் நால்வர். முதலாமவர் தாய்ப்பலகையிலேயே குடியிருப்பவர். பழைய பொறிகளில் பயாஸ் என்றும், புதியவற்றில் யு.இ.எஃப்.ஐ. என்றும் பெயர். இவர் நினைவகத்தையும் விசைப்பலகையையும் சரிபார்த்து, எந்தத் தட்டிலிருந்து தொடங்குவது என்று தீர்மானிப்பார். இரண்டாமவர் க்ரப், கெர்னல் என்னும் மூலநிரல் தட்டில் எங்குள்ளது எனத் தேடியெடுத்து நினைவகத்தில் ஏற்றுவது இவர் கடமை. மூன்றாமவராகிய கெர்னல், இனிட்ராம்எஃப்எஸ் என்னும் சிறு கட்டுச்சோற்றைத் துணையாகக் கொண்டு, தட்டின் முதன்மைப் பிரிவைத் திறப்பார். நான்காமவர் இன்றைய லினக்ஸ் வகைகள் பெரும்பாலானவற்றில் உள்ள சிஸ்டம்டி. ஏனைய பணிகளை எல்லாம் முறையே தொடங்கிவைத்து முகப்புத்திரையைக் கொணர்பவர். ஓட்டக்கோல் யார் கையிலிருந்து நழுவியது என்று கண்டால் பாதிப் பழுது நீங்கியதாகக் கொள்ளலாம். அதனைக் காண்பதற்குக் கருவி எதுவும் வேண்டா. கண் இருந்தாற் போதும்.

திரையில் எழுத்தே தோன்றாமல் 'பீப்' ஒலி மட்டும் எழுமாயின் முதலாமவரிடமே தடை. ரேம் அட்டையைக் கழற்றித் துடைத்து மீண்டும் அழுத்திப் பொருத்துவதால் உயிர் பெறும் பொறிகள் எத்தனையோ! பொறியின் கடிகாரம் நாள்தோறும் பழைய தேதிக்கே திரும்புமாயின், தாய்ப்பலகையில் இருக்கும் 3 வோல்ட் நாணய மின்கலம் தீர்ந்துவிட்டது எனக் கொள்க. அமைப்புகள் மறந்துபோவதால் எந்தத் தட்டில் தொடங்குவது என்பதையும் பொறி மறந்துவிடும். சி.ஆர்.2032 என்று கடைகளில் கேட்டு வாங்கும் அச்சிறு வில்லைக்காக வன்தட்டை அழித்தவர்களும் உளர்.

'க்ரப் ரெஸ்க்யூ' என்னும் சொல் நின்றால் இரண்டாமவர் வழி தவறி நிற்கிறார். அதற்கு மேல் 'நோ சச் பார்ட்டிஷன்' என்றிருந்தால், தாம் தேடிவந்த பிரிவு இல்லை என்கிறார். பிரிவு ஒன்றை நீக்கியதாலோ வரிசை மாற்றியதாலோ நேர்வது இது. பிற பிரிவுகளில் உள்ள கோப்புகளுக்கு இதனால் ஊறு ஒன்றுமில்லை. க்ரப்பை மட்டும் மீண்டும் நிறுவினாற் போதும். 'கெர்னல் பேனிக்' என்று தொடங்கி, 'அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்.எஸ்.' என்று முடியும் வரி மூன்றாமவருடையது. அண்மையில் புதுப்பித்த கெர்னலுக்கு உரிய கட்டுச்சோறு சரிவரக் கட்டப்படாமற் போனதே பல வேளைகளில் காரணம். பூட் பிரிவில் இடம் நிறைந்துவிட்டால் இவ்வாறு நேரும். க்ரப் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தால் முந்தைய கெர்னல் அங்கே காத்திருக்கும். அதனைத் தொட்டால் பொறி எழுந்துவிடும். திரை கறுத்திருப்பினும் கேப்ஸ் லாக் விளக்கு அழுத்துந்தோறும் எரிந்து அணையுமாயின் பொறி விழித்தேயிருக்கிறது. காட்சி அட்டைக்குரிய நிரலில்தான் கோளாறு.

நான்காமவர் செய்தியைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ஏனெனில் நாம் அறிந்த பேரிழப்பு ஒன்று அவ்விடத்தில்தான் நேர்ந்தது.

நம் துறையின் ஆய்வு மாணவர் ஒருவர் கடற்கரைச் சிற்றூர்களில் இரண்டாண்டுகள் அலைந்து தாலாட்டும் ஒப்பாரியும் பதிவு செய்து தம் மடிக்கணிப்பொறியில் வைத்திருந்தார். ஒருநாள் அது முகப்புத்திரைக்கு வராமல், கறுந்திரையில் வெள்ளெழுத்துகளோடு நின்றுவிட்டது. நகரிலுள்ள கடையொன்றில் கொடுத்தார். மறுநாள் பொறி புத்தம்புதிதாய்த் திரும்பி வந்தது, பாடல்கள் வரவில்லை. கடைக்குப் போகுமுன் அம்மாணவர் திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தார். பின்னர் அப்படத்தை நாம் கண்டபோது அதில் 'ஏ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்' என்ற தொடரும், ஒரு தட்டின் நீண்ட அடையாள எண்ணும், ஒன்றரை நிமிடக் கணக்கும் தெளிவாக இருந்தன.

அதன் பொருள் இதுதான்: லினக்சில் எஃப்ஸ்டாப் என்றொரு கோப்பு உண்டு. தொடங்கும்போது எந்தெந்தத் தட்டுப் பிரிவுகளைத் திறக்க வேண்டும் என்னும் பட்டியல் அது. ஒவ்வொரு பிரிவும் யு.யு.ஐ.டி. என்னும் நீண்ட அடையாள எண்ணால் அதில் குறிக்கப்படும். வெளியே இணைக்கும் தட்டு ஒன்றையும் அம்மாணவர் அப்பட்டியலில் சேர்த்திருந்தார். பின்னர் அத்தட்டை நண்பருக்கு இரவல் கொடுத்திருந்தார். பட்டியலில் உள்ள தட்டைக் காணாத பொறி 90 வினாடிகள் காத்திருந்துவிட்டு, 'எமர்ஜென்சி மோட்' என்று அறிவித்து நின்றுவிட்டது. விருந்தினர் வராததால் பந்தி தொடங்காமல் நிற்கும் வீட்டைப் போன்றது அந்நிலை. இரவல் தட்டை மீண்டும் செருகியிருக்கலாம். அல்லது பட்டியலில் அவ்வரியின் தலையில் ஒரு ஹாஷ் குறி இட்டிருக்கலாம். 'நோஃபெயில்' என்னும் ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் இச்சிக்கல் எழுந்தே இராது. பொறியின் உட்தட்டோ எக்குறையுமின்றி இருந்தது. அது எஸ்.எஸ்.டி. வகை. பழைய சுழல்தட்டாயின் அழித்தபின்னும் சிலவற்றை மீட்க வழியுண்டு, எஸ்.எஸ்.டி.யிலோ 'ட்ரிம்' என்னும் செயல் நடந்தேறிவிட்டால் நம்பிக்கை கொள்வதற்கு ஒன்றுமில்லை. அப்பாடல்களைப் பாடிய மூதாட்டியருள் இருவர் அதற்குள் காலமாகிவிட்டனர்.

கடைக்காரரை மட்டும் குறைகூறுதல் முறையன்று. அவருக்குப் பொறியொன்றுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. காரணம் தேடுவதற்குத் தனிக் கூலி தருவார் யாருமில்லை. நாள் ஒன்றுக்குப் பத்துப் பொறி பார்ப்பவர் லினக்சைக் காண்பதோ அரிது. அழித்து நிறுவினால் பொறி எழும் என்பது அவர்க்கு உறுதி. நம் கையில் கோப்புகளின் மறுபடி இருக்கும் என்று அவர் எண்ணியிருக்கவும் கூடும். 'உள்ளிருப்பதைத் தொடாதீர்' என்று சொல்லிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இருந்ததா என்பதும் கேட்க வேண்டிய வினாவே.

இத்தகைய தடை பயனரின் கவனக் குறைவால் மட்டுமே விளைவதும் அன்று. 2020 ஜூலையில் க்ரப்பில் கண்ட பாதுகாப்புக் குறையை நீக்க ரெட்ஹாட் நிறுவனம் வெளியிட்ட திருத்தமே அதன் பொறிகள் பலவற்றை எழவிடாமற் செய்தது. 2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் புதுப்பிப்பு, இருதளமும் ஒருங்கே நிறுவிய பொறிகள் பலவற்றில் லினக்சைத் தொடங்கவிடாமல் தடுத்தது. 'சம்திங் ஹேஸ் கான் சீரியஸ்லி ராங்' என்று அச்சுறுத்தும் வரி திரையில் தோன்றியது. வன்தட்டில் ஒரு கோப்பும் கெடவில்லை. செக்யூர் பூட் என்னும் காவலை யு.இ.எஃப்.ஐ. அமைப்பில் தற்காலிகமாக நிறுத்திய அளவில் லினக்ஸ் எழுந்தது. அவ்வரியைக் கண்டு அஞ்சித் தட்டைத் துடைத்தவர்களுக்கு யார் ஈடு செய்வது?

தமிழ்த்துறையினராகிய நாம் சிந்திக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. லினக்ஸ் முகப்பைத் தமிழில் அமைத்துக்கொள்ளலாம்; பட்டியல்களும் கட்டளைகளும் தமிழிலேயே தோன்றும். நலமாயிருக்கும்போது தமிழ் பேசும் இப்பொறி, நோயுற்றவுடன் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது! முகப்புத்திரை வருமுன் உள்ள கறுந்திரை 512 எழுத்துருவங்களுக்கு மேல் ஏற்பதில்லை. கொம்பும் காலும் முன்னும் பின்னும் அமைய வேண்டிய தமிழெழுத்தை முறையாகக் கோக்கும் திறனும் அதற்கு இல்லை. ஆகவே தமிழ்வழியில் மட்டும் பழகிய மாணவர், உதவி மிகவும் வேண்டிய அந்நேரத்தில் வாயடைத்து நிற்கிறார். கணிப்பொறித் தமிழ் என்று மாநாடுகளில் பேசுவோர் விசைப்பலகையையும் எழுத்துருவையும் பேசிய அளவுக்கு இதனைப் பேசக் கேட்டோமில்லை.

'இதெல்லாம் தமிழாசிரியர் வேலையா?' என்று பெரியோர் சிலர் வினவலாம். சிதைந்த ஏட்டில் ஓரெழுத்து ஐயமானால் பிற படிகளோடு ஒப்புநோக்கிப் பாடம் காண்பவர் தமிழாசிரியர். ஏடு செல்லரித்தது என்று தீயிலிடுபவர் அல்லர். திரையில் நிற்கும் வரியும் ஒரு பாடமே. அதனைச் சொற்பிரித்துப் பொருள் காண்பதற்குப் பொறியியற் பட்டம் வேண்டியதில்லை.

செய்முறையும் பெரிதன்று. திரை வரியை எழுதிக்கொள்ளுதல் அல்லது படம் பிடித்தல் முதலாவது. அடுத்து, லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் ஒன்றிலிருந்து பொறியை எழுப்புதல் வேண்டும். வன்தட்டைத் தொடாமலேயே முழுத் தளமும் அதிலிருந்து இயங்கும். அவ்வாறு எழுந்தபின் பழைய தட்டைப் படிப்பதற்கு மட்டும் எனத் திறந்து, கோப்புகளை வேறொரு தட்டுக்குப் படியெடுக்க வேண்டும். பழுது நீக்கும் எம்முயற்சியும் இதற்குப் பின்னரே. எஃப்.எஸ்.சி.கே. என்னும் சீர்செய் கட்டளையைப் பலர் முதலிலேயே ஏவிவிடுகின்றனர். தட்டே தேய்ந்து சாகும் நிலையிலிருப்பின் அக்கட்டளையால் எஞ்சியதும் சிதையும். திறந்து பயன்பாட்டிலிருக்கும் பிரிவின்மீது ஏவினால் நல்ல தட்டும் கெடும். தட்டின் உடல்நிலையை ஸ்மார்ட் குறிப்புகள் காட்டும். அது கவலைக்கிடமாயின் டிடிரெஸ்க்யூ என்னும் கருவியால் தட்டு முழுவதையும் அப்படியே வேறிடத்தில் படியெடுத்து, அப்படியின்மீது மருத்துவம் பார்ப்பதே தக்கது. சாகும் தட்டை ஃபார்மட் செய்தும் பயனில்லை என்பதைச் சொல்ல வேண்டுமா? மறுபடி கைக்கு வந்தபின், நல்ல தட்டில் தளத்தைப் புதிதாக நிறுவிக்கொள்வதில் நமக்குத் தடையேதுமில்லை.

முதுகலை மாணவர்க்குத் தாள் ஒன்றில் கணிப்பொறிப் பயன்பாடு கற்பிக்கிறோம். அதில் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்க வேண்டும் என்று துறைக் கூட்டத்தில் முன்மொழிய உள்ளோம். பழைய பொறி ஒன்றின் எஃப்ஸ்டாப் வரியை வேண்டுமென்றே மாற்றிவைத்து, மாணவர்களே கண்டுபிடித்து எழுப்பச் செய்யலாம். மேலே காட்டியவை போன்ற இருபது வரிகளுக்குத் தமிழில் பொருளும், செய்யத் தக்கதும் தகாததும் எழுதிய தாள் ஒன்று, லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவோடு துறை அறையின் கணிப்பொறி மேசையில் இப்போது வைக்கப்பட்டுள்ளது. தத்தம் பொறிகளில் வேறு வரிகளைக் கண்டவர்கள் அத்தாளின் மறுபுறத்தில் அவற்றை எழுதிச் சேர்க்கலாம்.