திருத்தமும் ஆக்கமே

திறப்பு விழா நடந்தவுடன் ஒரு கட்டடத்தின் பணி முடிந்துவிட்டது என்று நாம் எண்ணுகிறோம். ஆராய்ச்சிக் கூடத்திற்கு இவ்வெண்ணம் பொருந்தாது. அதற்குத் திறப்பு விழா தொடக்கமே அன்றி முடிவு அன்று.

அமெரிக்க நாட்டில், கலிபோர்னியா மாநிலத்து லிவர்மோரில், புகழ்பெற்ற லேசர் ஆராய்ச்சிக் கூடம் ஒன்று உள்ளது. அங்கே 1977ஆம் ஆண்டில் இருபது கதிர்கள் கொண்ட லேசர் பொறி ஒன்றை அமைத்தனர். பல கைகளையுடைய தெய்வத்தை நினைந்து அதற்குச் ‘சிவா’ என்று பெயரிட்டனர். 1984இல் அதனினும் ஆற்றல் மிக்க ‘நோவா’ எழுந்தது. இவை கற்பித்த பாடங்களைக் கொண்டு, 1997இல் தேசிய எரியூட்டு நிலையத்தைக் கட்டத் தொடங்கி, 2009இல் முடித்தனர்.

ஞாயிற்றின் உள்ளே ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஆற்றல் பிறக்கிறது. அதனை மண்ணுலகில் நிகழ்த்திக் காண்பதே இந்நிலையத்தின் குறிக்கோள். சிறிய பொற்குழல் ஒன்றினுள் மிளகளவான சிமிழை வைப்பர். அதனுள் ஹைட்ரஜனின் கனமான வகைகள் இருக்கும். 192 லேசர் கதிர்கள் குழலின் உட்சுவரில் பாயும். அப்போது எழும் எக்ஸ் கதிர்கள் சிமிழை நாற்புறமும் நெருக்கும்.

ஆயினும், குறித்த 2012ஆம் ஆண்டில் எரியூட்டல் கைகூடவில்லை. ‘பெரும்பொருள் வீணாயிற்று’ என்று பழித்தோர் உளர். அறிஞர்களோ பழிக்கு அஞ்சிக் கூடத்தை மூடவில்லை, பிழையைத் தேடினர். பிளாஸ்டிக் சிமிழுக்கு மாற்றாக வைரச் சிமிழ் செய்தனர். ஆற்றல் மிக்க ஒளி, தான் கடந்து செல்லும் கண்ணாடி வில்லைகளிலேயே வடுக்களை உண்டாக்கும். அவ்வடுக்கள் பெருகுமுன் வில்லைகளைக் கழற்றிச் செப்பனிட்டு மீண்டும் பொருத்தினர். கதிர்களின் ஆற்றலையும் உயர்த்தினர். 2022 டிசம்பர் 5 அன்று, 2.05 மெகாஜூல் ஒளி சிமிழை நோக்கிப் பாய்ந்தது, 3.15 மெகாஜூல் ஆற்றல் வெளிப்பட்டது.

இவ்வெற்றியை மிகைப்படுத்துதல் கூடாது. லேசரை இயக்க ஏறத்தாழ 300 மெகாஜூல் மின்னாற்றல் செலவாயிற்று. ஆகவே, வீட்டு விளக்கிற்கு இவ்வாற்றல் வந்துசேர நெடுங்காலம் ஆகலாம். அன்றியும், வெடித்துப் பாராமலே அணு ஆயுதங்களை ஆராய்வதும் இந்நிலையத்தின் முதன்மையான நோக்கமாகும். அறிவு எப்பணிக்குப் பயன்படுகிறது என்று கேட்கும் உரிமை மக்களுக்கு என்றும் உண்டு.

எனினும், ஓர் உண்மையை மறுப்பதற்கில்லை. பத்தாண்டுத் திருத்தம் இன்றேல் அக்கூடம் வெறும் கட்டடமாகவே நின்றிருக்கும். கட்டுவதற்குப் பொருள் வேண்டும். கட்டியதைத் திருத்திக்கொண்டே இருப்பதற்குப் பொறுமை வேண்டும். முன்னதைக் கொடுத்துவிட்டுப் பின்னதை மறுக்கும் நாடு, விதைத்துவிட்டு நீர் பாய்ச்ச மறந்த உழவனை ஒக்கும்.