உறவுமுறை என்ன போடட்டும்?

காங்கேயத்தில் முப்பது வருசமாகப் பத்திரம் எழுதுகிறேன். போன தை மாதம் இரண்டு பெண்கள் வந்தார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒருத்தி டெய்லர், இன்னொருத்தி செக்கிங். பதினோரு வருசமாக ஒரே வீடு. சீட்டுப் பணத்தில் வாங்கிய வீட்டுக்குப் பத்திரம் மூத்தவள் பேரில். பாதியை மற்றவளுக்கு எழுத வேண்டும்.

"உறவுமுறை என்ன போடட்டும் அம்முணி?" என்றேன். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். "தெரிஞ்சவங்கன்னே போட்டுருங்கய்யா" என்றாள் இளையவள்.

அந்தச் சொல்லுக்கு விலை உண்டு. பாதியின் மதிப்பு 6 லட்சம். கணவன், மனைவி, பிள்ளைக்கு எழுதும் செட்டில்மெண்ட் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம்: 12,000 ரூபாய். வெளியாள் என்றால் தீர்வையே 7 சதவீதம்; அதற்கு மேல் பதிவுக் கட்டணமும் உண்டு. உயில் எழுதினால் செலவு குறைவுதான். ஆனால் உயிலை எதிர்த்து அண்ணன் தம்பிகள் கோர்ட்டுக்குப் போனதை எத்தனையோ பார்த்துவிட்டேன். பணம் சேரட்டும் என்று இருவரும் எழுந்து போனார்கள்.

இவர்களைப் போன்றவர்களின் ஒருபாலினத் திருமணத்தைச் சட்டமாக்குவது நாடாளுமன்றத்தின் வேலை என்று 2023 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படிச் சேர்ந்து வாழ்பவர்கள் குடும்ப உறவுப் பத்திரம் எழுதிப் பதிய வழிசெய்யலாமே என்று தமிழக அரசுக்கு யோசனை சொன்னார். பத்திரக்காரனுக்கு இது ஒன்றும் புரியாத விசயமில்லை.

"பண்பாடு என்னாவறதுங்க?" என்கிறார் பக்கத்து மேசைக்காரர். எங்கள் தாத்தாவும் இதைத்தான் கேட்டார். சடங்கு நடத்தும் அருமைக்காரர் சீர் செய்யாமல் கல்யாணமா என்று, 1961-ல் ஈரோட்டில் மாலை மாற்றிக்கொண்ட என் அப்பாவிடம் கடைசிவரை முகம் கொடுத்துப் பேசவில்லை. சட்டமும் தாத்தா பக்கம்தான்: சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953-லேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. 1967-ல் அண்ணா ஆட்சி சட்டம் போட்டு, அதுவரை நடந்த கல்யாணங்களையும் சேர்த்தே செல்லுபடியாக்கியது. அப்போது எனக்கு மூன்று வயது.

கல்யாணத்தை டெல்லி முடிவு செய்யட்டும். முத்திரைத் தீர்வை எவ்வளவு, அதில் 'குடும்பம்' என்றால் யார் யார் என்று வரையறுப்பது நம் கோட்டை. அந்த வரையறையில் இவர்களையும் சேர்த்து ஒரு வரி எழுதச் சொல்லி நம் எம்எல்ஏக்களைக் கேட்டுக்கொள்கிறேன்.